மேசைக்கடியில்

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாய்ப் போனேன்,
அதனால் பசுமைக் குழுவுக்கு நான் தலைவர்.
ரீகா நகரம், மூன்றாம் மாடி, பிப்ரவரி.

நாங்கள் மரம் விற்பவர்கள்.
பிர்ச், பைன், கப்பல் கப்பலாய்.
தாளின் இரு பக்கமும் அச்சிடுங்கள் என்று
முதல் சுற்றறிக்கை அனுப்பியபோது
கிடங்குக் கணக்கு அய்வார்ஸ் சிரித்த சிரிப்பில்
காபி அவன் மூக்கில் ஏறியது.
முழுப் பூசணிக்காய்தான்.
மறைக்கச் சோறு அரைக் கரண்டி.

கணப்பு இரும்பு, பழைய காலத்தது,
கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது.
வெக்கை தாங்காமல் விஸ்மா ஜன்னலைத் திறப்பாள்,
குளிர் தாங்காமல் தியோடர்ஸ் மூடுவார்.
நாள் முழுக்கத் தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.
கீழே டிராமுக்கு நிற்பவர்கள்
ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.
அதைச் சரிசெய்யக் கட்டட உரிமையாளர் வேண்டும்.
அவர் ஸ்பெயினில் இருக்கிறார்.

ஆக, என் கைக்கு எட்டியது குப்பைக்கூடை.

நாற்பத்தொரு மேசை, நாற்பத்தொரு கூடை.
ஒவ்வொன்றிலும் தினம் ஒரு பிளாஸ்டிக் பை
ஒரேயொரு மிட்டாய்க் காகிதத்தைச் சுமந்து போவதற்காக.
ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம்.
எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச்
சமையலறை வாசலில் நான்கு பெட்டிகள் வைத்தேன்:
தாள், கண்ணாடி, மக்குவது, மற்றது.
முதல் வாரம் எல்லோரும்
'மற்றது' முன்னால்தான் வரிசை கட்டினார்கள்.
விஸ்மா ஆரஞ்சுத் தோலை இழுப்பறைக்குள் ஒளித்தாள்.
அது தன் மணத்தால் அவளைக் காட்டிக்கொடுத்தது.

மார்ச்சில் பழகிவிட்டது.
வரைபடம் போட்டேன். கோடு இறங்கியது.
கைதட்டினார்கள். கேக் வந்தது,
பிளாஸ்டிக் முள்கரண்டிகளோடு.

மே முதல் வாரம், துப்புரவு நிறுவனத்தின் கடிதம்:
காலி செய்யவேண்டிய கூடைகள் இல்லாமையால்
பணிநேரம் நான்கிலிருந்து மூன்று மணியாகத் திருத்தப்படுகிறது.
மாதத் தொகையும் குறைந்தது.
தியோடர்ஸ் என் முதுகில் தட்டினார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெயர் குண்டேகா.
ஆறு வருடத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை,
அவள் வரும்போது நாங்கள் போய்விட்டிருப்போம்.
அன்று இருந்தேன்.
மன்னிப்புக் கேட்கவா, சும்மா பார்க்கவா, தெரியாது.
வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்,
என் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஓ, புதினா மிட்டாய்" என்றாள்.

அய்வார்ஸ் சிகரெட்டை விட்டது அவளுக்குத் தெரியும்,
மறுபடி தொட்டதும்.
ஒரு நவம்பர் முழுக்க விஸ்மா
எழுதி எழுதிக் கிழித்துப் போட்ட ஒரே கடிதமும்.
சேர்த்து வைத்துப் படிக்கவில்லை என்றாள்.
நான் கேட்கவேயில்லை.

கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
"பை மிச்சம், நல்லதுதான்.
ஆனா நீங்க எண்ணுறதெல்லாம் பகல்ல."
நடைபாதையில் யாருக்கென்று தெரியாமல்
விடிய விடிய எரியும் ஒன்பது விளக்குகளைக் காட்டினாள்.
விருந்தினர் அறைக் குளிர்பெட்டியைத் திறந்தாள்:
உள்ளே அரை எலுமிச்சை,
கிறிஸ்துமஸிலிருந்து பத்திரமாக.
நகல் இயந்திரத்தின் மூடியில் கை வைக்கச் சொன்னாள்.
கோழி இல்லாமலே முட்டை பொரிக்கும் சூடு.
ராத்திரி முழுக்க. ஞாயிற்றுக்கிழமையும்.
நாற்பத்தொரு கூடையைத் தேடிப் பிடித்தவன்
இதைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

நின்றபடியே தியோடர்ஸுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
இரவில் எண்ண ஓர் ஆள் வேண்டும்,
தினம் ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, ஆள் இருக்கிறார்.
பதில் இன்னும் வரவில்லை.

பிறகு சுவிட்சுக்காகக் குனிந்தேன்.
இயந்திரத்தின் பின்னால், சூடான காற்று வரும் சல்லடைமேல்
விரித்துப் போட்டிருந்தன
அவளுடைய கம்பளிக் கையுறைகள், விரல் நுனி இன்னும் ஈரம்.
நகரம் கணப்பை நிறுத்தி ஒரு வாரம்.
குளிருக்கு அந்தச் சேதி எட்டவில்லை,
வெளியே மழையோடு பனி.
அவள் டிராமுக்கு இருபது நிமிடம் இருந்தது.

அன்று அணைக்கவில்லை.
கணக்கிலும் எழுதவில்லை.